மின்சுற்றுப் பலகைகளுக்கு மலிவான காப்புறை

கிணற்றடிக் கொட்டகையில் பம்பை இயக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி, வயலோரத்தில் மழையின் அளவைப் பதிவு செய்யும் தானியங்கிக் கருவி, தெருவிளக்கின் தலைப்பாகத்தில் அமைந்த மின்வழங்கி, காட்டுப்பன்றியை விலக்கும் மின்வேலிப் பெட்டி ஆகிய இவை அனைத்தின் உள்ளேயும் உள்ளங்கையளவுள்ள ஒரு மின்சுற்றுப் பலகை உண்டு. அது வாழவேண்டிய இடம் ஆராய்ச்சிக் கூடமன்று. கோடையில் இரும்பைச் சுடவைக்கும் வெயில், பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் உலராத ஈரப்பசை, கடலோரத்தில் உப்புக் காற்று, இவற்றுக்கிடையே உஷ்ணத்தைத் தேடிவரும் எறும்பும் பல்லியும் என எல்லாவற்றையும் அது தாங்கியாக வேண்டும். மழைமானி தேவைப்படுவது மழை பெய்யும் நாளில்தான். அந்நாளிலேயே அது நின்றுவிடுமாயின், அவ்வாண்டுக் கணக்கில் விழும் இடைவெளியைப் பின்னர் எவராலும் நிரப்ப இயலாது.

இத்தகைய கேட்டைத் தடுப்பதற்கு இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. பலகையின்மீது மெல்லிய வார்னிஷ் படலம் ஒன்றைப் பூசுவது முதலாவது முறை. இப்படலம் சாதாரணமாக 30 முதல் 130 மைக்ரோமீட்டர் வரை கனமுடையது. பலகையை ஒரு பெட்டியில் வைத்து, உருகிய அல்லது திரவமான பொருளை ஊற்றி, முழுவதையும் ஒரே கட்டியாக இறுகச் செய்வது இரண்டாவது முறை. தொழிற்சாலைகளில் இதனைப் பாட்டிங் என்று வழங்குவர். இக்கட்டுரையில் இது 'பொதிவு' எனப்படும். பொதிவுக்கென்றே தயாரிக்கப்படும் ரசாயனக் கலவைகள் விலை மிகுந்தவை; சிறு ஊர்களில் எளிதில் கிடைப்பதுமில்லை. ஆகவே, கையில் கிடைக்கும் மலிவான பொருள்களுள் எவை பயன்படும், எவை கேடு விளைக்கும் என்பதைக் களத்தில் பணிபுரிவோர் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

இது புதிதாகத் தோன்றிய பிரச்சினையன்று. 1839இல் கல்கத்தாவில் தந்திப் பரிசோதனைகளை நடத்திய வில்லியம் ஓஷாநெஸி, ஹூக்ளி நதியின் அடியில் கம்பி போடவேண்டி வந்தபோது, கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் அடக்கி, அதன்மேல் தார் தோய்த்த நூலைச் சுற்றினார். அங்காடியில் கிடைத்தவற்றைக் கொண்டே நீருக்கடியில் மின்சாரத்தைச் செலுத்திய அம்முயற்சி, இன்றைய பொதிவு வேலைக்கு மூதாதை எனலாம். தாரும் கீலும் இன்றும் இப்பணியினின்று முற்றிலும் விலகிவிடவில்லை.

ஈரம் எவ்வாறு கெடுக்கிறது?

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். பலகைக்குப் பகையாக அமைவது நீரும் உப்பும் சேர்ந்த கூட்டு. பற்றாசு வைக்கும்போது எஞ்சிய ஃபிளக்ஸ் பசை, கைவிரலின் வியர்வை, காற்றில் வந்த தூசி ஆகியவை பலகையின்மீது படிந்திருக்கின்றன. ஈரம் படர்ந்தவுடன் இவை கரைந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறுகின்றன. மின்னழுத்தம் உள்ள இரு செப்புத் தடங்களுக்கு நடுவே இப்படலம் அமையுமாயின், நேர்முனையிலுள்ள உலோகம் அணு அணுவாகக் கரைந்து எதிர்முனைக்குச் சென்று படிகிறது. படிந்த உலோகம், செடியின் வேர்போலக் கிளைத்து நேர்முனையை நோக்கி வளர்கிறது. அது மறுகரையைத் தொட்டதும் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, பலகை செயலிழக்கிறது. சில வேளைகளில் அந்த மெல்லிய இழை அக்கணமே எரிந்துபோவதால், பெட்டியைத் திறந்து பார்ப்பவர்க்குக் காரணம் எதுவும் புலப்படுவதில்லை.

பள்ளி ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். வெள்ளீயம் பூசிய இரு செப்புக் கம்பிகளை ஒரு கண்ணாடித் தகட்டின்மீது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டி, நடுவே ஒரு சொட்டுக் குழாய்நீரை வைத்து, 9 வோல்ட் பேட்டரியை இணைத்தால், சில நிமிடங்களில் எதிர்முனையிலிருந்து உலோக வேர்கள் கிளைப்பதைக் கைலென்ஸ் மூலம் காணலாம். இப்பரிசோதனையைக் கண்ட மாணவன், பலகையைத் துடைக்காமல் வார்னிஷ் அடிக்கும் பிழையைச் செய்யமாட்டான்.

இங்குப் பலரும் அறியாத உண்மை ஒன்று உண்டு. பிளாஸ்டிக், ரப்பர், பிசின் ஆகிய எப்பொருளாயினும் நீராவி சிறிதளவேனும் அதனூடே கசிந்து செல்லவே செய்யும். சிலிக்கோன் ரப்பரில் நீராவி மிகத் தாராளமாகவே புகுகிறது. அப்படியிருந்தும் பலகைகளைக் காப்பதில் சிலிக்கோன் சிறந்த பொருள்களுள் ஒன்றாக விளங்குகிறது. அது பலகையை இடைவெளியின்றிப் பற்றிக்கொள்வதே இதற்குக் காரணம். உட்புகுந்த நீராவி திரண்டு நீராகத் தங்குவதற்கு இடம் இல்லாதபோது, உப்பு கரைவதற்கும் வழியில்லை. இதற்கு மாறாக, நீரே புகாத கடினப் பொருளாயினும், பலகையினின்று மயிரிழையளவு விலகிவிட்டால், அவ்விடைவெளியே நீர் தேங்கும் குளமாகிவிடுகிறது.

ஆதலின், காப்பு அளிப்பது பொருளின் கனமன்று. அதன் ஒட்டும் தன்மையே ஆகும். அழுக்கின்மீது எதுவும் ஒட்டாது. பொதிவுக்கு முன்னர்ப் பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பழைய பல்துலக்கும் தூரிகையால் நன்கு தேய்த்து, புதிய ஆல்கஹாலில் ஒருமுறை அலசி, 50 முதல் 60 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் சில மணி நேரம் உலர்த்துதல் வேண்டும். அடுப்பு இல்லாத இடத்தில், மூடிய பெட்டிக்குள் ஒரு குமிழ் விளக்கை எரியவிட்டு இவ்வுஷ்ணத்தைப் பெறலாம். செலவில் மிகக் குறைந்ததும் பலனில் மிக உயர்ந்ததுமான வேலை இதுவே. துரதிருஷ்டவசமாக, அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். சுத்தம் செய்யத் தேவையில்லை என்று விற்கப்படும் ஃபிளக்ஸ் வகைகளும், பூச்சுக்கும் பொதிவுக்கும் உட்படும் பலகையில் இருப்பின் துடைக்கப்படுவதே நலம்.

மூச்சுவிடும் பெட்டி

பலகையை ரப்பர் வளையம் வைத்த பெட்டியில் இறுக மூடிவிட்டால் போதும் என்று எண்ணுவோர் பலர். பகலில் வெயில் ஏறும்போது பெட்டிக்குள் உள்ள காற்று விரிந்து, கம்பி நுழையும் துவாரத்தின் வழியாகச் சிறிது வெளியேறுகிறது. மாலையில் திடீரென மழை பெய்து பெட்டி குளிரும்போது, உட்காற்று சுருங்கி, வெளியிலுள்ள ஈரக் காற்றை அதே துவாரத்தின் வழியாக உள்ளிழுக்கிறது. இரவில் அந்த ஈரம் பனியாகத் திரண்டு அடியில் தேங்குகிறது. நாள்தோறும் ஒரு மடக்கு எனப் பெட்டி நீர் குடிக்கிறது என்றே சொல்லலாம். நன்கு மூடிய பெட்டியைத் திறந்தபோது உள்ளே அரை அங்குலம் நீர் நின்றது என்று களப்பணியாளர் வியப்புடன் கூறுவதன் காரணம் இதுவே. பெட்டியின் அடிப்பக்கத்தில் பூச்சி புகாதபடி வலை பொருத்திய சிறு துளை ஒன்றை விடுவது, பல வேளைகளில் விலையுயர்ந்த ரப்பர் வளையத்தைவிட மிகுந்த பயன் தரும். பலகைக்குப் பூச்சோ பொதிவோ அளித்து, பெட்டிக்குத் துளையும் விடுவதே சரியான ஏற்பாடு.

மெழுகும் தாரும்

பாரபின் மெழுகு மிக மலிவானது, எங்கும் கிடைப்பது, நீரை ஏற்காதது. பழைய ரேடியோக்களின் கம்பிச்சுருள்களும் காகித மின்தேக்கிகளும் மெழுகில் தோய்க்கப்பட்டே ஈரத்தினின்று காக்கப்பட்டன. மெழுகின் பெருஞ்சிறப்பு, பழுது நேர்ந்தால் அதனை மீண்டும் உருக்கிப் பலகையை வெளியே எடுக்கலாம் என்பது. ஆனால் சாதாரணப் பாரபின் 50 முதல் 60 டிகிரியில் உருகிவிடும். ராஜஸ்தானத்து வெயிலில் நிற்கும் உலோகப் பெட்டியின் உள்ளே அந்த உஷ்ணம் எளிதில் எட்டிவிடும். மெழுகு வழிந்தோடி, பலகை வெறுமையாக நிற்கும். அசாமின் மலைச்சரிவில் நிழலில் வைக்கும் கருவிக்கு அதே மெழுகு பல்லாண்டு உழைக்கக்கூடும். பொருளின் தகுதியை இடமே முடிவு செய்கிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலும், கார்னோபா மெழுகு 80 டிகிரிக்கு மேலும் உருகுவதால், இவற்றைப் பாரபினுடன் கலந்து கலவையின் தாங்குதிறனை உயர்த்தலாம். மெழுகு இறுகும்போது கன அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்குவதால், ஒரே முறையில் ஊற்றாமல் இரண்டு மூன்று தடவையாக ஊற்றுதல் வேண்டும். அதனை நேரடி நெருப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்தே உருக்குதல் வேண்டும். மெழுகு எரியும் பொருளாதலின், பேட்டரியில் இயங்கும் குறைமின்னழுத்தக் கருவிகளுக்கே அது உரியது. 230 வோல்ட் செல்லும் பெட்டியில் அதற்கு இடமில்லை.

குழல்விளக்குகளின் பழைய சோக்குகளைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே கருமையான தாரும் மணலும் கலந்த கட்டியைக் கண்டிருப்பர். சாலைக்கு இடும் தார் இதற்கு ஏற்றதன்று. வெயிலில் அது இளகிவிடும். காற்றூட்டிக் கெட்டியாக்கப்பட்ட தொழில்முறைத் தார், எடுத்துக்காட்டாக 85/25 என்ற தரம், 85 டிகிரி அளவில்தான் இளகத் தொடங்கும். எனினும் அதனை ஊற்றத்தக்க திரவமாக்குவதற்கு ஏறக்குறைய 180 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்கிறது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த வழக்கமான பற்றாசு உருகும் உஷ்ணம் 183 டிகிரி! எலெக்ட்ரோலிடிக் மின்தேக்கிகள் 85 அல்லது 105 டிகிரிக்கே அமைக்கப்பட்டவை. ஆகவே டிரான்ஸ்ஃபார்மர், சோக்கு போன்ற முரட்டுப் பொருள்களுக்குத் தார் பொருந்தும். நுண்ணிய பலகைக்கு அது பொருந்தாது.

அரக்கு

இந்தியாவுக்கே உரிய பொருளாகிய அரக்கைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் ஆகிய பகுதிகளின் வனவாசிகளுக்கு இது வருவாய் தரும் பயிர். ராஞ்சியை அடுத்த நாம்கும் என்னுமிடத்தில் 1924இல் நிறுவப்பட்ட அரக்கு ஆராய்ச்சி நிலையம், 2007இல் இயற்கைப் பிசின்களையும் கோந்துகளையும் ஆராயும் நிறுவனமாக விரிந்து, 2022 முதல் தேசிய இரண்டாம் நிலை வேளாண்மை நிறுவனம் என்ற பெயருடன் இயங்கி வருகிறது. மின்தொழிலின் தொடக்கக் காலத்தில் கம்பிச்சுருள்களுக்குக் காப்பளித்த முக்கியப் பொருள் அரக்கே. உலகச் சந்தையில் அதன் தேவை பெருகியபோது, அதற்குச் செயற்கை மாற்று ஒன்றைத் தேடிச் சென்ற லியோ பேக்லண்ட் 1907இல் கண்டதுதான் பேக்கலைட்.

மெழுகு நீக்கிய அரக்குச் செதில் 200 கிராமை ஒரு லிட்டர் மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டினால் பூச்சு தயார். தூரிகையால் மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின், பூசவேண்டும். செப்பையும் கண்ணாடி இழைப் பலகையையும் அது நன்கு பற்றுகிறது. மின்பொறி தாக்கிய இடத்தில் மின்சாரத்தைக் கடத்தும் கரித்தடம் எளிதில் உண்டாவதில்லை. பழுதுபார்க்கும்போது சிறிது ஸ்பிரிட்டால் துடைத்தால் கரைந்துவிடும். குறைகளும் உண்டு. நீர் தேங்கி நின்றால் அரக்கு வெண்மை பூத்து நெகிழ்கிறது. 70 டிகிரியை நெருங்கும்போது மென்மையாகிறது. கரைத்து வைத்த திரவம் மாதங்கள் செல்லச்செல்ல ஸ்பிரிட்டுடன் ரசாயன மாறுதலடைந்து, பூசினால் உலராமல் பிசுபிசுக்கிறது. ஆகவே வேண்டிய அளவு மட்டும் கரைத்துப் புதிதாகவே உபயோகிக்க வேண்டும். கூரையின்கீழ் உள்ள கருவிகளுக்கும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர் செய்யும் பலகைகளுக்கும் இதைவிட எளிய காப்பு வேறில்லை. திறந்தவெளிக் கருவிக்கு இதனைத் தனியே நம்புதல் கூடாது.

கடையில் கிடைக்கும் பசைகள்

குளியலறைக் கண்ணாடிகளை ஒட்டுவதற்கு விற்கப்படும் சிலிக்கோன் பசையைப் பலரும் பலகைமீது பிதுக்கிவிடுகின்றனர். மூடியைத் திறந்ததும் புளிக்காடி மணம் வீசினால் அப்பசையை ஒதுக்கிவிட வேண்டும். இறுகும்போது அது வெளியிடும் அசிட்டிக் அமிலம் செப்பைப் பச்சை பூக்கச் செய்து அரிக்கும். அமிலம் வெளியிடாத நடுநிலை வகையும் சந்தையில் உண்டு; அதனையே கேட்டு வாங்க வேண்டும். மற்றொன்று: இப்பசை காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே இறுகுவதால், மேற்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழமே கெட்டிப்படும். ஆழமான பெட்டியை இதனால் நிரப்பினால், உட்பகுதி வாரக்கணக்கில் கூழாகவே கிடக்கும். மெல்லிய பூச்சுக்கே இது ஏற்றது.

இரு குப்பிகளாக வரும் எப்பாக்ஸி பிசின் உறுதியான பொதிவைத் தரும். அதன் விலையைக் குறைக்கும் வழி மணலில் இருக்கிறது. ஆற்றுமணலைச் சலித்து, உப்பு நீங்கக் கழுவி, இரும்புச் சட்டியில் வறுத்து ஈரத்தைப் போக்கி, ஆறியபின் பிசினில் கலக்கலாம். இதனால் பிசினின் அளவு பாதிக்கும் கீழாகக் குறைகிறது. அதைவிட முக்கியமாக, இறுகும்போது எழும் உஷ்ணமும் சுருக்கமும் தணிகின்றன. வெறும் பிசினைக் காட்டிலும் உஷ்ணத்தை வெளிக்கடத்தும் திறன் சில மடங்கு உயர்கிறது. மலிவுக்காகச் சேர்க்கும் பொருள் தரத்தையும் உயர்த்துவது அபூர்வம், மணல் அத்தகையது. கடற்கரை மணலை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்த்தலாகாது.

இறுகுவிப்பானைக் கூடுதலாகச் சேர்த்தால் விரைவில் இறுகும் என்பது தவறான எண்ணம். அளவு மீறினால் பிசின் என்றும் பிசுபிசுப்பாகவே இருக்கும்; எடை போட்டே கலக்க வேண்டும். பெருமளவைக் குவளையில் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையும். கையுறையின்றித் தொடுவோர்க்கு நாளடைவில் தோல் ஒவ்வாமை உண்டாகும். காற்றுக் குமிழ்கள் நீங்கும்பொருட்டு, பிசினைச் சிறிது வெதுவெதுப்பாக்கி, நூல்போல மெல்லிய தாரையாகப் பெட்டியின் ஒரு மூலையிலேயே ஊற்ற வேண்டும். பல ஆயிரம் வோல்ட் துடிப்பை எழுப்பும் மின்வேலிப் பெட்டியில் குமிழ் ஒவ்வொன்றும் நுண்ணிய மின்பொறிக்கு இருப்பிடமாகும்.

எப்பாக்ஸியின் கடினத்தன்மையே அதன் குறையுமாகும். உஷ்ணம் ஏறி இறங்கும்போது அது பலகையைவிடச் சில மடங்கு அதிகமாக விரிந்து சுருங்குவதால், கண்ணாடி உறையுள்ள டையோடுகளும் பீங்கான் மின்தேக்கிகளும் விரிசல் காணலாம். நடுநிலை சிலிக்கோனை முதலில் மெல்லியதாகப் பூசி உலரவிட்டு, அதன்மேல் எப்பாக்ஸியை ஊற்றினால் இந்நெருக்கம் தணியும். மென்மையான பொதிவு வேண்டுவோர்க்குப் பாலியூரித்தேன் உண்டு. இதன் ஒரு பகுதியை ஆமணக்கு எண்ணெயிலிருந்தே செய்யலாம். ஆமணக்கு விளைச்சலில் உலகில் முதலிடம் வகிப்பது இந்தியா, அதிலும் குஜராத். இதன் மறுபகுதியாகிய ஐசோசயனேட் ஈரத்துடன் சேர்ந்தால் கரியமில வாயுவை வெளியிட்டு நுரைத்துவிடும். அதன் ஆவி மூச்சுக்கும் கேடு. ஆகையால் மழைநாளில் இவ்வேலையைத் தள்ளிப்போடுதல் நன்று.

கண்ணாடி இழைப் படகுகளுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பிசின் மலிவாயினும் மிகுதியாகச் சுருங்கிப் பலகையை விட்டு விலகுவதால் விலக்கத்தக்கது. குளூ கன் குச்சி வெயிலில் இளகும். கம்பி அசையாமலிருக்கப் பிடிப்பு வைக்கவே அது உதவும். சிமெண்டும் பாரிஸ் சாந்தும் நீரை உறிஞ்சுபவை; அவற்றை நினைக்கவும் வேண்டாம்.

எதைப் புதைப்பது, எதை வெளியே விடுவது?

கடினப் பிசினுள் புதைந்த பலகையைப் பழுதுபார்க்க இயலாது. பத்து ரூபாய்ப் பொருள் ஒன்று கெட்டதற்காக முழுப் பெட்டியையும் எறிந்துவிட்டு, புதியது வரும்வரை நாற்று வாடுவதைப் பார்த்து நிற்கும் உழவனுக்கு அப்பொதிவு மலிவானதன்று. எனவே, அடிக்கடி கெடும் ஃபியூஸ், மின்னல் அதிர்ச்சியை ஏற்றுத் தேய்ந்துபோகும் வேரிஸ்டர், ரிலே ஆகியவற்றைத் திருகு முனைகள் மூலம் பொதிவுக்கு வெளியே அமைத்து, மற்றவற்றை மட்டும் புதைத்தல் நன்று. உறை திறந்த ரிலேயினுள் ஒரு துளி பிசின் புகுந்தாலும் அதன் நாக்கு அசையாது. எலெக்ட்ரோலிடிக் மின்தேக்கியின் தலையிலுள்ள கீறல், உள்ளழுத்தம் மிகும்போது திறப்பதற்காக இடப்பட்டது. அதனைக் கடினப் பிசினால் அடைத்தலாகாது. சூடேறும் டிரான்ஸிஸ்டரின் உலோகத் தகடு வெளியே தலைநீட்ட வேண்டும்.

கம்பிகளைப் பற்றிய ஓர் எச்சரிக்கை. பல இழைகள் முறுக்கிய கம்பியின் பிளாஸ்டிக் உறைக்குள், இழைகளின் நடுவே, நீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஊர்ந்து செல்லும். வெளிமுனை மழையில் நனைந்தால், நீர் பொதிவினூடே பலகையின் நடுவுக்கே வந்து சேரும். பொதிவுக்குள் அமையும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளம் உறையை உரித்து, இழைகளின் இடுக்குகள் நிரம்பும்படி பற்றாசை ஊறச்செய்து, அப்பகுதியைப் பிசினுள் புதைத்துவிட்டால் இவ்வழி அடைபடும்.

வேலை முடிந்ததும், ஊற்றிய பொருளின் பெயரையும் தேதியையும் பெட்டியின் உட்பக்கத்தில் அழியாத மையால் எழுதிவைக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து அதனைத் திறப்பவர், சூட்டால் உருக்குவதா, ஸ்பிரிட்டால் கரைப்பதா, கத்தியால் கீறுவதா என்பதை அவ்வெழுத்தைக் கொண்டே முடிவு செய்வார்.